பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு

அன்புள்ள லொரேன்,

உங்கள் மாவட்டப் போலீஸை நடத்தும் ஷெரீஃபின் ஜெயிலில் அடிபட்டுச் செத்த உன் மகனின் பூட்ஸை, அவர்கள் கொடுத்த காகிதப் பையோடு செவ்வாய்க்கிழமை என் மேஜையில் வைத்தாய்.

"நீதானே இந்த மாநிலத்துக்கே பெரிய வக்கீல்? அந்த ஷெரீஃப் மேல ஒரு கேஸ் போட முடியாதா உன்னால?"

சட்டப் புத்தகத்தைத் திறந்து காட்டினேன். மாவட்ட அரசு வழக்கறிஞர் எழுதிக் கேட்டால்தான் அவர் மாவட்டத்தில் நான் வழக்கு நடத்தலாம். அவரோ ஷெரீஃபோடு மான் வேட்டைக்குப் போகிறவர். மூன்று கடிதம் போட்டேன். நேற்று போனில், "தலைநகர் வேலையை மட்டும் பாருங்க சார்" என்றார்.

"தேர்தல்ல உன் பேர் போட்ட பலகையைப் போய் என் வாசல்ல நட்டேனே" என்று சொல்லிவிட்டுப் போனாய். பூட்ஸ் இன்னும் இங்கேதான் இருக்கிறது.

உன்னிடம் ஒன்றைச் சொல்லவில்லை. அந்தச் சட்டம் வந்து பதினாறு வருஷமாகிறது. அப்போது மாநில வக்கீலின் இந்த நாற்காலியில் எதிர்க்கட்சிக்காரர் இருந்தார். அவர் கையைக் கட்டிப்போடத்தான் கொண்டுவந்தோம். நான் சட்டசபைக்குப் புதிது. வாக்கெடுப்பு நாளில் என்னைப் பார்க்க உன் மகனோடு பார்வையாளர் மாடத்தில் வந்து உட்கார்ந்திருந்தாய், நினைவிருக்கிறதா? அவனுக்கு ஆறு வயது. வாக்குப் பலகையில் என் பெயருக்குப் பக்கத்தில் ஆதரவைக் காட்டும் பச்சை விளக்கு எரிந்ததும் எழுந்து நின்று கைதட்டினான்.

வெளியே வந்ததும் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். "மாமா, ஜெயிச்சிட்டீங்களா?"

"ஆமாடா, ஜெயிச்சிட்டோம்" என்றேன்.

உன் வாசலில் நட்ட பலகையைப் பிடுங்கி எறிந்துவிடு.

உன் பழைய சிநேகிதன்