குறை சொல்லாத வால்கிரைண்ட்

செப்டம்பர் 26
துரைராசு அண்ணனின் அரிசி ஆலையில் என் எடைமேடை மென்பொருள் இன்றும் மதியத்துக்கு மேல் உறைந்துவிட்டது. நெல் டிராக்டர்கள் பாபநாசம் ரோடு வரை நிற்கின்றன, மேலே மேகம். அடுத்த வெள்ளிக்குள் சரியாகாவிட்டால் தஞ்சாவூர் கம்பெனி ஒன்றுக்குக் கொடுத்துவிடுவாராம். எனக்கிருக்கும் வாடிக்கையாளர் அவர் ஒருவர்தான்.

செப்டம்பர் 27
நிரல் எடுத்த நினைவகத்தைத் திருப்பித் தருவதில்லை; நிரம்பியதும் உறைகிறது. எங்கே கசிகிறது என்று காட்டத்தான் லினக்ஸில் வால்கிரைண்ட் என்ற கருவி இருக்கிறது. ஓட்டினேன். பிழை பூஜ்யமாம். மனுஷன் பொய் சொல்லலாம், இது சொல்லுமா?

செப்டம்பர் 29
வால்கிரைண்டை நீக்கி மறுபடி நிறுவினேன். பூஜ்யம். வேண்டுமென்றே நினைவகத்தை வீணாக்கும் நாலு வரி நிரல் எழுதிக் கொடுத்தேன். அதற்கும் பூஜ்யம்! திருடனைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்தாலும் தங்கமான பையன் என்கிறது.

செப்டம்பர் 30
பூஜ்யம். அழுகையா வருது.

அக்டோபர் 2
அறிக்கையின் கடைசி வரியை இன்றுதான் ஒழுங்காகப் படித்தேன். 'மறைக்கப்பட்டவை' என்று ஒரு பெரிய எண். யார் மறைத்தது? தேடினால் ஒளிந்திருந்த ஒரு கோப்பு: எந்தக் குறை வந்தாலும் வாயைத் திறக்காதே என்று கருவிக்கு உத்தரவு. வைத்தது என்னோடு வேலை பார்க்கும் சபரிநாதன்.

"எடைமேடை தெறந்த அன்னிக்கு ஸ்கிரீன்ல 'டெஃபினிட்லி லாஸ்ட்'னு கசிவு அறிக்கை வந்துச்சுக்கா, நிச்சயமா நஷ்டம்ங்கற மாதிரி. கற்பூரம் காட்டுற நேரம். அண்ணன் முகமே செத்துப்போச்சு. அதான் வாயடைச்சு வச்சேன்."

நன்றாகத் திட்டினேன். எங்கள் வீட்டிலும் அரிசி தீர்ந்தால் 'நிறைஞ்சிருக்கு' என்றுதான் சொல்வோம். ஆனால் உடனே கடைக்குப் போவோமே!

அக்டோபர் 3
கோப்பை அழித்ததும் கசிவு அகப்பட்டது. ஒவ்வொரு வண்டியின் எடைச்சீட்டுக்கும் எடுத்த நினைவகம் விடுவிக்கப்படவேயில்லை. ஒரே வரியில் சரி செய்தேன்.

அக்டோபர் 4, வெள்ளி
நாள் முழுக்க மேடை நிற்கவில்லை. கடைசி டிராக்டரும் மழைக்கு முன்னால் உள்ளே போய்விட்டது. பெருமை தாங்காமல் அண்ணனிடம் அறிக்கையைக் காட்டினேன். 'நோ லீக்ஸ்' என்ற இடத்தில் விரலை வைத்தார்.

"எல்லாம் சரிம்மா. வெள்ளிக்கிழமையும் அதுவுமா ஏன் 'நோ'ங்குது?"

அக்டோபர் 7
அண்ணன் மயிலாடுதுறையில் உள்ள தன் மச்சான் ஆலைக்கும் என்னையே சொல்லிவிட்டார். இனி இரண்டு ஆலைத் திரையிலும் எது நடந்தாலும் 'நிறைவு' என்று மட்டும் வரும்; உண்மை அறிக்கை என் போனுக்கு வரும். எழுதி முடிக்க அரை நாள் ஆனது. சபரிநாதன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். நான் அவன் பக்கம் திரும்பவில்லை.