திவாலாகவும் கட்டணம் உண்டு

மார்ச் 4

திவாலானேன் என்று சொல்லிக்கொள்ளவும் பணம் கட்ட வேண்டுமாம். இலவச சட்ட ஆலோசனை மையத்தில் சோடாபுட்டிக் கண்ணாடிக்காரர் ஒருத்தர் நிதானமாக விளக்கினார். மனு போடும்போதே முழுத் தொகையும் வைக்க வேண்டும். தவணையில் கட்டலாமா என்று கேட்டேன்.

"தவணை கட்ட முடிஞ்சா நீங்க ஏன்மா இங்க வர்றீங்க?"

அடுத்த நாற்காலிக்காரர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

மார்ச் 5

மூன்று துவைக்கிற மெஷின் வைத்து லாண்டரி போடலாம் என்பது என் வீட்டுக்காரர் யோசனை. கையெழுத்து மட்டும் என்னுடையது. கடை படுத்ததும் வேலை தேடி வேறு ஊருக்குப் போனார். இன்னும் தேடிக்கொண்டே இருக்கிறார், மகராசன். நான் இன்னொருத்தர் லாண்டரியில் படுக்கை விரிப்பு மடிக்கிறேன். முதலாளியம்மா என்று கூப்பிட்ட வாயெல்லாம் இப்போது "ஏம்மா" என்கிறது.

மார்ச் 18

வசூல்காரன் இன்றைக்கு வேலை செய்கிற இடத்துக்கே போன் போட்டுவிட்டான். சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் சொன்னார்: "இன்னொரு தடவை வந்துச்சுன்னா நீங்க வேற இடம் பாத்துக்குங்க." இந்த வேலையும் போனால் வாடகைக்கு எங்கே போவேன்? சீக்கிரம் மனு போட்டாக வேண்டும். போட்டால்தான் இவன்கள் வாய் மூடும்.

ஏப்ரல் 9

இரண்டு மெஷினைக் கடன் கம்பெனி தூக்கிப் போய்விட்டது. முழுசாகப் பணம் கட்டி முடித்த பழையது ஒன்று மிச்சமிருந்தது. இன்று அதை விற்றேன். மனுவுக்குக் கட்டினாலும் மிஞ்சும்.

ஆனால் நாத்தனார்? வீட்டுக்காரரின் தங்கை, புருஷன் இல்லாதவள். தையல் தைத்துச் சேர்த்ததைக் கடை திறக்கும்போது அப்படியே எடுத்துத் தந்தாள். பத்திரம் கிடையாது, வட்டி கிடையாது. "உங்களுக்கு இல்லாததா அண்ணி?" என்றாள். அவளையும் அந்த வசூல்காரன்களோடு ஒரே வரிசையில் கடன்காரி என்று எழுதிக் கொடுப்பதா? நினைத்தாலே கூசுகிறது.

ஏப்ரல் 10

கொடுத்துவிட்டேன். ஒரு காசு பாக்கியில்லாமல். "அண்ணன் செய்ய வேண்டியதை நீங்க செஞ்சிட்டீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். மனுப் பணத்துக்கு இனி ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போக வேண்டும். போகட்டும்.

ஜூன் 22

ஞாயிறு. ஆஸ்பத்திரி விரிப்புகள். கால் வீங்கிக் கிடக்கு. இருக்கிறவன் திவாலானா வக்கீல் வீடு தேடி வர்றான். நமக்கு, கையில ஒண்ணுமில்லைன்னு நிரூபிக்கவே கைநிறைய வேணும். நல்ல நியாயம்டா சாமி.

செப்டம்பர் 2

கட்டியாயிற்று. கவுண்டர் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அடுத்தவங்க வாங்க" என்றாள்.

செப்டம்பர் 19

எழுதக் கை வரவில்லை.

திவால் அதிகாரி விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார். சமீபத்தில் சொந்தக்காரர்கள் யாருக்காவது கடனைத் திருப்பிக் கொடுத்தீர்களா என்று கேட்டார். பெருமையாகத்தான் சொன்னேன், நாத்தனாருக்கு முழுசாகத் தீர்த்துவிட்டேன் என்று. பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அது கடன் குடுத்த எல்லாருக்கும் பொதுவான பணம்மா. வீட்டாளுக்கு மட்டும் தூக்கிக் குடுக்கக் கூடாது. அவங்க திருப்பிக் கட்டணும்."

"நான் கட்டிடறேன் சார்."

"உங்ககிட்ட இல்லைன்னுதானே மனு போட்டிருக்கீங்க?"

சோடாபுட்டிக்காரர் அன்றைக்கே கேட்டாரே, வேறு கடன் இருக்கா என்று! இல்லைன்னு சொன்னேன். குடும்ப விஷயம், ஊரானுக்கு எதுக்குன்னு வாயை மூடிக்கிட்டேன். சொல்லியிருந்தா மத்தவங்களோட அவளுக்கும் ஏதோ கொஞ்சம் வந்திருக்கும், இந்த வம்பும் இருந்திருக்காது. பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கா முடிஞ்சுபோச்சு.

அவகிட்ட எந்த முகத்தோட போய்ச் சொல்றது?

அக்டோபர் 3

சொல்லத் தைரியம் வருவதற்குள் நோட்டீஸ் அவள் கைக்குப் போய்விட்டது. வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அந்தப் பணத்தை அட்வான்ஸாகக் கொடுத்துச் சின்னதாக ஒரு தையல் கடை எடுத்திருந்தாள். போன மாதம்தான் போர்டு மாட்டினாளாம்.

"ஊர்ல அத்தனை பேருக்கும் நாமம் போட்டுட்டு என்கிட்ட மட்டும் எதுக்கு அண்ணி நேர்மையா நடந்தீங்க?"

"வேணும்னு செய்யலைடி."

"தெரியும். அதனாலதான் திட்டவும் முடியலை."

காபி போட்டு வைத்தேன். அப்படியே இருந்தது.

அக்டோபர் 4

வேலைக்குப் போனேன். வந்தேன்.

அக்டோபர் 30

மூன்று முறை போன் போட்டேன். எடுக்கவில்லை. அவள் வீட்டுப் பக்கம் போய்த் தெருமுனையிலிருந்தே திரும்பிவிட்டேன். கோழை.

நவம்பர் 27

உத்தரவு வந்துவிட்டது. பழைய கடனுக்காக இனி என்னை யாரும் தொந்தரவு செய்யக் கூடாதாம். விடுபட்டேன். வாசித்துவிட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

பெரிய விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. என்னோடு மடிப்பவள் நின்றுவிட்டதால் சூப்பர்வைசர் புது ஆளைக் கூட்டி வந்தார். நாத்தனார். கடையை விட்டுவிட்டாளாம். அட்வான்ஸில் திரும்பக் கிடைத்தது நோட்டீஸ் பணத்துக்குப் போதாமல், பாக்கியைக் கட்ட வேலை தேடியிருக்கிறாள். நான் இங்கே இருப்பது தெரியாதா? தெரியும். இதைவிட்டால் அவளுக்கு வேறு வேலை கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் முகம் போன போக்கில் ஏதோ புரிந்ததுபோல் சூப்பர்வைசர் கேட்டார். "ரெண்டு பேருக்கும் முன்னமே பழக்கமா?"

"இல்ல சார்" என்றாள்.

விரிப்பின் இரண்டு முனையை என் பக்கம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். சாயங்காலம் வரைக்கும் மடித்தோம்.