வகிடு எடுக்கிற அளவு முடி

1936, ஐப்பசி. வியாழன் இரவு.

ஆலை விட்டதும் முடி வெட்டிக்கொள்ளக் கோவிந்தனிடம் போனேன். ஆனி மாதம் என் மனைவி அஞ்சலையின் கருமாதிக்கு எனக்கு மொட்டை போட்டதும் அவர்தான்.

பக்கத்தில் குட்டையாக வெட்டி, மேலே கொஞ்சம் விட்டுக் கிராப்பு வைக்கலாம். இல்லையென்றால் முழுக்க மிஷின் போட்டுவிடலாம்; எண்ணெய் வேண்டாம், சீப்பு வேண்டாம். வீட்டிலுள்ள சீப்பு அவளுடையது. அதை நான் இன்னும் தொடவில்லை.

"கிராப்பே வைக்கிறேன் தம்பி. வகிடு எடுக்குற அளவுக்கு வளந்துடுச்சி. ஞாயித்துக்கிழம லட்சணமா இருக்கணும்ல?" என்றார் கோவிந்தன்.

"ஞாயித்துக்கிழம என்னா?"

கத்தரி நின்றது.

"சாரத்துலேருந்து பொண்ணு வீட்டுக்காரங்க வராங்களாமே? ஒங்கம்மாதான் சொன்னாங்க. தல மொட்டையா இருக்கசொல்ல யாரக் கூப்புடுறது, முடி வளரட்டும்னுதான் இருந்தாங்க."

நான்கு மாதமாக அம்மா என் தலையைப் பார்த்து நாள் எண்ணியிருக்கிறாள். சோறு போடும்போதெல்லாம் கண் அங்கேதான் இருந்திருக்கிறது.

"மிஷின் போடுங்க. ஒட்டப் போடுங்க," என்றேன்.

வாசலில் என்னைக் கண்டதும் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "அடப்பாவி! வரவங்க, நேத்து எழவு விழுந்த வீடுன்னு நெனப்பாங்கடா!"

"எனக்கு நேத்துதாம்மா."

அவள் அப்போதே ஞாயிறு வர வேண்டாம் என்று ஆள் அனுப்பிவிட்டாள்.

எங்கள் பிரெஞ்சு ஆலைக் கணக்கில் முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளரும். வகிடு எடுக்க நாலு வேண்டும். மாசி வரை யாரும் கேட்க மாட்டார்கள்.

இதை எழுதும்போதே அது வளர்ந்துகொண்டுதான் இருக்கும்.