பாக்கெட்டில் சிரிக்கும் அக்கா

சூரமங்கலம்,
10.2.2025

குருமூர்த்திக் கண்ணுக்கு, அக்கா எழுதுவது.

போனில் என்றால் பாதியிலேயே வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். நான் எப்படி இருக்கிறேன் என்று நீ கேட்கவே வேண்டாம். உன் கடை சத்துமாவு பாக்கெட்டில்தான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேனே! உன் மகன் காதுகுத்தில் எடுத்த படம். கீழே, 'கிட்னிக் கோளாறு நீங்கியது.' எனக்கு எங்கேடா நீங்கியது?

இன்று ஆஸ்பத்திரியில் மயில்சாமி என்ற பெரியவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "ஏனுங்கம்மா, பாக்கெட்டுல இருக்கறது நீங்கதானுங்களே? உங்களப் பாத்துத்தானுங்க நானும் ரெண்டு வேளையும் இதையே குடிக்கறேன்" என்றார். அவருக்கும் கிட்னிக் கோளாறுதான். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, அப்போதே அட்மிட் செய்துவிட்டார்கள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

கம்பு, கேழ்வரகு, நிலக்கடலை எல்லாம் நல்லதுதான். ஆனால் என்னைப்போலக் கிட்னி கெட்டவர்களுக்கு அதுவே வினை. எனக்குக் காலையில் வெள்ளை ரவை உப்புமா என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார், அதுவும் அளவாக. படத்தை எடுத்துவிடு.

அக்கா,
அறிவுச்செல்வி

ராசிபுரம்,
14.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

கம்பங்கூழ் குடித்து வளர்ந்த உடம்பு நம்முடையது. நீ ஒழுங்காகக் குடித்திருந்தால் இந்நேரம் குணமாகியிருப்பாய். குணமாகிவிடும் என்று நம்பித்தான் முன்கூட்டியே அச்சடித்தேன். அம்மாவை இதே நோய்க்குக் கொடுத்தோம், உன்னையும் கொடுக்க மாட்டேன். உன் படம் வந்த பிறகுதான் கடையில் கூட்டம். இப்போது எடுத்தால் ஊர் என்ன பேசும்? பஸ்ஸில் இன்னும் நாலு பாக்கெட் அனுப்பியிருக்கிறேன். அடம்பிடிக்காமல் குடி.

தம்பி,
குருமூர்த்தி

சூரமங்கலம்,
18.2.2025

தம்பிக்கு,

நாலு பாக்கெட்டும் குப்பைக்குப் போயிற்று. உன் நம்பிக்கையை உன் நெஞ்சில் வைத்துக்கொள், என் மூஞ்சிக்குக் கீழே அச்சடிக்காதே. என்மேல் உனக்கு உயிர் என்று தெரியும். அதற்காக இன்னொருவர் உயிரை நான் எடுக்க முடியுமா?

வருகிற சந்தை நாளில் உன் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்காரப்போகிறேன். என் உப்புமாவை அங்கேயே தின்பேன். வருகிறவர்களிடமெல்லாம், "எனக்குக் கொணமாகலீங்க. கிட்னிக் கோளாறு இருந்தா டாக்டரக் கேக்காமக் குடிக்காதீங்க" என்பேன். கழுத்தைப் பிடித்துத் தள்ளினாலும் நகரமாட்டேன். முடிந்தால் தள்ளிப் பார்.

அக்கா,
அறிவுச்செல்வி

ராசிபுரம்,
26.2.2025

அக்காவுக்கு,

சொன்னபடியே செய்துவிட்டாய். சந்தைக்கு வந்த சனம் முன்னால் என் மானம் போயிற்று. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

உன்னை எழுப்பி அனுப்பத்தான் வெளியே வந்தேன். நீ செருப்பைக் கழற்றி வைத்திருந்தாய். கால் வீங்கி, வார் அழுத்திய பள்ளம் அப்படியே நின்றது. அனுப்ப வந்தவன் அப்படியே கடைக்குள் திரும்பிவிட்டேன்.

அன்று ராத்திரியே மாவையெல்லாம் படம் இல்லாத வெறும் பைக்கு மாற்றிவிட்டோம். கிட்னிக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் குடிக்காதீர்கள் என்று கடையில் போர்டும் எழுதி வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிவிட்டாராமே, மயில்சாமி அய்யா ஊட்டுக்கு என்னைக் கூட்டிப்போ. அவர் வாயால் திட்டு வாங்கினால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

நீ சொன்னதையெல்லாம் செய்துவிட்டேன். ஆனால் நீ குணமாக மாட்டாய் என்று மட்டும் என்னை நம்பச் சொல்லாதே அக்கா. அதை நான் கேட்க மாட்டேன்.

தம்பி,
குருமூர்த்தி