நீலப் பாட்டிலின் லேபிள்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது.

இங்கே எல்லாரும் நலம் என்று நேற்று போனில் அம்மா சொன்னாள். அவள் பக்கத்தில் இருந்ததால் நானும் ஆமாம் போட்டேன். போனில் சொல்ல முடியாததை இப்போது எழுதுகிறேன். அவள் வேலைக்குப் போயிருக்கிறாள், மதியம்தான் வருவாள்.

முதலில் வீட்டுச் செய்தி. சமையலறைக் குழாய் ஒழுகலை நானே சரிசெய்துவிட்டேன். முப்பத்தோரு வருஷம் ஊரார் வீட்டுத் தண்ணீர் மீட்டரைப் படித்தவன் வீட்டிலேயே குழாய் ஒழுகுது என்று அம்மா கிண்டல் செய்துகொண்டிருந்தாள். மாடி வீட்டுக்காரர், "நம்ம லேபிள் எப்படி இருக்கா?" என்று கேட்டார். சோப்பு உறை முதல் எறும்புப் பொடி டப்பா வரை நீ எழுத்துக்கூட்டிப் படித்ததற்காக அவர் வைத்த பெயர். இப்போது ஆய்வகத்தில் அதற்கே சம்பளம் கொடுக்கிறார்கள் என்றேன். சிரித்தார்.

அம்மாவின் இருமல் நிற்கவில்லை. எட்டு மாதமாகிறது. அந்த ஏழு மாடி அலுவலகத்தில் மூன்று மாடிக் கழிப்பறைகள் அவள் பொறுப்பு. முன்பெல்லாம் லிப்டுக்குக் காத்திருக்க மாட்டாள். இப்போது நம் வீட்டுப் பதினாறு படியில் ஒன்பதாவதில் உட்கார்ந்துவிடுகிறாள். செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொள்கிறாள். எனக்குத் தெரியாது என்று அவளுக்கு நினைப்பு.

டாக்டரம்மாவிடம் அழைத்துப்போனேன். மூச்சை அளக்கும் கருவியில் மூன்று முறை ஊதினாள். முள் ஒருமுறையும் பாதியைத் தொடவில்லை. "எதை வச்சு கழுவுறீங்க? அதுல என்ன இருக்குன்னு தெரிஞ்சாத்தான் நான் ஏதாவது செய்ய முடியும்" என்றார் டாக்டர். அம்மா கைப்பையிலிருந்து உன் கடிதத்தின் நகலை எடுத்து நீட்டினாள். "என் பொண்ணு பார்த்துச் சொல்லிட்டா டாக்டர். அவளுக்கு வேலையே இதுதான்."

உனக்கு நினைவிருக்கும். போன வருஷம் ஒரு நீலப் பாட்டிலின் லேபிளை வெந்நீரில் ஊறவைத்து, கிழியாமல் உரித்து, காயவைத்து உனக்கு அனுப்பினோம். தோலில் பட்டால் என்ன ஆகும், மூச்சில் போனால் என்ன ஆகும், சாக்கடையில் கலந்தால் எத்தனை நாளில் சிதையும் என்று ஒவ்வொரு பொருளாகப் பிரித்து இரண்டு பக்கம் எழுதினாய். கையுறை போட்டு ஜன்னலைத் திறந்துவைத்தால் பயமில்லை அம்மா என்று முடித்திருந்தாய். அது சரியான பதில். மேலே படிக்கும்போதும் இதை மனதில் வை.

டாக்டரைப் பார்த்த மறுநாள் அம்மாவுக்குத் தெரியாமல், அவள் வீட்டுக்கு வந்தபின் அந்த அலுவலகத்துக்குப் போனேன். மீட்டர் படித்த பழக்கத்தில் எந்தக் கட்டடமானாலும் எனக்குப் பின்வாசல்தான் வழி. மீட்டருக்கு இரண்டடி தள்ளி, இடுப்பு உயரத்தில் ஒரு கறுப்பு டிரம். அதில் ஒட்டியிருந்த தாளை யாரோ சுரண்டிவிட்டார்கள். மேலே ஒரு கைப்பம்பு. பக்கத்தில் வரிசையாக நீலப் பாட்டில்கள், பழைய லேபிளோடு. கிட்டே போனதும் கண் எரிந்தது. கீழே சொட்டுவது ஏரிக்குப் போகும் வாய்க்காலில்தான் கலக்கிறது. அதன் கரையில் இரண்டு முழத்துக்குப் புல் கருகிக் கிடக்கிறது.

ஸ்டோரைப் பார்த்துக்கொள்பவரிடம் கேட்டேன். அம்மா 'சாவிக்கொத்து' என்பாளே, அவர்தான். "கம்பெனி பாட்டில் ஒரே தடவைதான் சார் வாங்கினாங்க, நான் சேர்றதுக்கு முன்னாடி. அப்புறம் எல்லாம் டிரம்தான்" என்றார். ஏழாவது மாடியில் நிர்வாகத்தைக் கேட்டால் சப்ளை செய்பவரைக் கேட்கச் சொன்னார்கள். அவர் போனில், "அதெல்லாம் தொழில் ரகசியம் சார்" என்று வைத்துவிட்டார். சுகாதார அலுவலகத்தில் மனு கொடுத்தேன். லேபிளை இணைக்கச் சொன்னார்கள். உனக்கே கொஞ்சம் அனுப்பலாம் என்று சின்னக் குப்பியில் பிடித்துக்கொண்டு தபால் நிலையம் போனேன். என்ன திரவம் என்று எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்றார்கள். அது தெரிந்தால் நான் ஏன் அங்கே போகிறேன்?

அம்மாவிடம் சொன்னேன். டிரம் அவளுக்குப் புதிதில்லை. தினமும் பம்பு அடித்து நிரப்புகிறவளே அவள்தான். "பாட்டில் காலியானா நிரப்பத்தானே செய்வாங்க. இதைப் போய் அவகிட்ட சொல்லணுமா?" என்றாள். உனக்குக் கேட்கத் தோன்றவில்லை, எங்களுக்குச் சொல்லத் தோன்றவில்லை. நீ படித்தது வேறு, அவள் மூச்சில் போவது வேறு. இதை எப்படியெல்லாமோ சொல்லிப் பார்த்தேன். "அப்போ என் பொண்ணு படிச்ச படிப்பு பொய்யா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் துணி மடித்தாள்.

நீ கைப்பட எழுதிய அந்தக் கடிதம் ஸ்டோர் சுவரில் இருக்கிறது. பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டியிருக்கிறாள். கூட வேலை பார்க்கும் நான்கு பெண்கள் தொண்டை எரிகிறது என்று சொன்னபோது அதைத்தான் காட்டினாளாம். சாவிக்கொத்து சொன்னார். அதில் ஒருத்தி இப்போது வேலைக்கு வருவதில்லை. அவளைப் பற்றி அம்மா வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அந்தக் கடிதத்தைக் கழற்றிவிடலாம் என்று ஒரு மூலையை நகத்தால் தூக்கினேன். உன் கையெழுத்தைப் பார்த்ததும் திரும்ப அழுத்தி ஒட்டிவிட்டேன்.

டாக்டர் மருந்து கொடுத்திருக்கிறார். திரும்பத் திரும்ப அதே காற்றுக்குப் போனால் மருந்தால் ஒன்றும் ஆகாது என்கிறார். வேலையை விடு என்றால் அம்மா கேட்பதாயில்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

நீ இன்னொரு கடிதம் எழுது. டிரம்மைப் பற்றி அப்பா சொன்னார் என்று வேண்டாம். தப்பு என்ற சொல்லே அதில் வேண்டாம், உன் தப்பும் வேண்டாம், அவள் தப்பும் வேண்டாம். புதிதாகச் சோதித்ததில் தெரிந்தது, இனி யாரும் இதைத் தொடாதீர்கள் என்று எழுது. சோதிக்காததைச் சோதித்ததாக நீ எழுத மாட்டாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன். அவள் நம்புவது உன் எழுத்து ஒன்றைத்தான்.

கொஞ்சம் பெரிய தாளில் எழுது. மேலே ஒட்டினால் பழையது முழுவதும் மறைய வேண்டும்.

அம்மா வந்துவிட்டாள். படியில் கால் சத்தம் கேட்கிறது. ஏழாவதிலேயே நின்றுவிட்டது.

நீ இருக்கும் இடத்திலாவது நல்ல காற்று இருக்கட்டும். நன்றாக இரு, மகளே.

உன் அப்பா