மேசைக்காலடியில் கிடந்த மலை அணில்

அன்பு மகளுக்கு,

நான் நலமாயிருக்கிறேன், உன் அம்மாவும் நலமாயிருக்கிறாள், நீயும் அவ்வாறே இருப்பாய் என்று நம்புகிறோம். இவ்வீட்டில் நலம் குன்றியிருப்பது என் எழுதுமேசை ஒன்றுதான், அதற்குக் காரணம் நீ, அதைப் பின்னால் சொல்கிறேன். பதினோரு ஆண்டுகளாக ஞாயிறுதோறும் அம்மாவிடம் மட்டுமே தொலைபேசியில் பேசும் மகளுக்கு அப்பன் திடீரென்று தாளெடுத்து எழுதினால் நீ ஐயுறுவாய். உன் ஐயம் சரியே, எனக்கு உன்னால் ஒரு வேலை ஆகவேண்டியிருக்கிறது.

நம் தெருமுனைப் பெருமரத்தை வெட்டிவிட்டு அவ்விடத்தில் ஊர்திகளை நிறுத்தப் போகிறார்களாம். நடந்தால் கால் தேய்ந்துவிடும் என்று அஞ்சுவோர் இந்நகரில் பெருகிவிட்டார்கள், எதிர்க்கடைக்கு உப்பு வாங்கவும் ஊர்தியில்தான் போகிறார்கள், திரும்பி வந்து நிறுத்த இடமில்லை என்று மனுவும் எழுதுகிறார்கள். அம்மரத்தின் உச்சியில் மலை அணில் ஒன்று இலைகளைச் சேர்த்துக் கூடை போலக் கூடு கட்டியிருப்பது உனக்கு நினைவிருக்கும், பள்ளிக்குப் போகாமல் அதை அண்ணாந்து பார்த்து நின்றதற்காக என்னிடம் ஏச்சு வாங்கியவள் நீ. காட்டு விலங்கு கூடு கட்டிய மரத்தை வெட்டுமுன் அவ்விலங்கின் நீளம், எடை, வாழ்நாள் ஆகிய மூன்றையும் படிவத்தில் எழுதி நகராட்சிக் குழுவின் ஒப்புதலைப் பெறவேண்டும் என்பது விதி. பொறியாளர் எழுதினார். நீளம் ஒரு சாண், எடை நூறு கிராம், வாழ்நாள் இரண்டு ஆண்டு. இவ்வளவு சிறிய உயிருக்காக ஒரு மரத்தை விடவேண்டியதில்லை என்று அடியில் ஒரு குறிப்பு வேறு. எங்கே அளந்தீர் என்று கேட்டேன். எங்க வீட்டு மதில்மேல தெனமும் ஓடுதுங்கய்யா, பாத்துக்கிட்டுதானே இருக்கேன் என்றார். மதிலில் ஓடும் சிற்றணிலுக்கும் மண்ணில் இறங்கவே மனமில்லாத மலை அணிலுக்கும் வேறுபாடு அறியாத ஒருவரிடம் ஒரு நகரின் மரங்களையெல்லாம் ஒப்படைத்திருக்கிறார்கள். அவர் கட்டிய பாலத்தின் மேல்தான் நாங்கள் நாள்தோறும் நடக்கிறோம், அதன் கம்பிகளை எந்த மதிலில் பார்த்து எண்ணினாரோ.

சென்ற மாதக் குழுக்கூட்டத்தில் நான் எழுந்தேன். நாற்பது நிமிடம் பேசினேன். காட்டின் தொன்மையைப் பேசினேன், மாந்தரின் பேராசையைப் பேசினேன், ஒலிபெருக்கி இருமுறை அலறி அடங்கியது, உன் சின்ன மாமா எதற்கென்று தெரியாமலே வழக்கம்போல் கைதட்டினார். பொறியாளர் அனைத்தையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எல்லாம் சரிங்கய்யா, இந்த மூணு கட்டத்துல என்னதான் எழுதறது, நீங்களே சொல்லிடுங்க என்றார். மேடையில் தயங்கக்கூடாது என்பது என் ஐம்பதாண்டுப் பழக்கம். மூன்றடி நீளம், பத்துக் கிலோ எடை, நூறாண்டு வாழ்நாள் என்று முழங்கினேன். அவர் தாளை மடித்து வைத்துவிட்டு, பத்து கிலோவுல ஒண்ணு உக்காந்தா கெளையே முறிஞ்சிடுமேய்யா, அப்புறம் நாங்க எதுக்கு வெட்டணும், அதுவே வேலைய முடிச்சிடும் என்றார். அவை சிரித்தது. மாமாவும் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எனக்குப் புதிதன்று. முன்பு அதை எழுப்பியவன் நான். நீ வேலைக்குப் புறப்பட்ட வாரத்தில், என் மகள் பட்டம் பெற்று அணிலுக்கு எடை போடப் போகிறாள், மீன்கடையில் சேர்த்திருந்தால் தராசாவது சொந்தமாகியிருக்கும் என்று மேடையில் சொன்னேன். கூட்டம் அடங்க நெடுநேரம் ஆனது. மூன்றாம் வரிசையில் நீ மடியில் கைகளை வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தாய்.

வீட்டுக்கு வந்து அந்தப் பொறியாளரைத் திட்டித் தீர்த்தேன், அணிலின் அளவு எந்த மடையனுக்குத் தெரியும் என்றேன். உன் அம்மா காய் நறுக்கியபடியே, தெரிஞ்சவ எழுதி அனுப்பினது உங்க மேசைக்காலுக்கு அடியில ஆறு வருஷமா கெடக்கு, குனிஞ்சுதான் பாருங்களேன் என்றாள். குனிந்தேன். பச்சை அட்டை போட்ட உன் ஆய்வேடு. குட்டையான காலுக்கு முட்டாக நானே வைத்தது, வைத்ததையும் மறந்தது. ஆறு ஆண்டு முழக்கங்களையும் அதன் மேல் ஏறி நின்றுதான் எழுதியிருக்கிறேன். உருவியதும் மேசை சாய்ந்து தேநீர் கொட்டியது.

இரண்டு நாள் படித்தேன். முதற்பக்கத்தில், அசையாமலும் பேசாமலும் இருக்கக் கற்றுத்தந்த அம்மாவுக்கு நன்றி என்று எழுதியிருக்கிறாய். என் பெயரைத் தேடினேன், இல்லை. அவ்விரண்டும் என்னிடம் கற்கக்கூடியவை அல்ல, ஆகவே வழக்கிடமாட்டேன். நாற்பத்தேழு அணில்களைத் துணிப்பையில் இட்டுத் தொங்கவிட்டு நிறுத்து, பிறகு வெறும்பையை நிறுத்து அந்த எடையைக் கழித்திருக்கிறாய். உடல் ஓரடிக்கு மேல், வால் உடலினும் நீளம், எடை இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. கையில் கடிபட்டு மூன்று தையல் போட்டதை அம்மாவிடம் சொன்ன நீ என்னிடம் சொல்லவில்லை. கடைசியில் வாழ்நாளுக்கு வந்தேன். கூண்டில் இருபது ஆண்டுவரை, காட்டில் எவ்வளவு என்பது தெரியவில்லை. அடுத்த பக்கத்தைப் புரட்டினேன், அங்கும் இல்லை. நான்கு ஆண்டு கிளைகளுக்கு அடியில் தவங்கிடந்து தெரியவில்லை என்று எழுதவா போனாய் என்று முதலில் ஏளனம்தான் வந்தது, பழக்கம் போகுமா. பிறகு அந்தச் சொல்லை நான் எந்த மேடையில் சொல்லியிருக்கிறேன் என்று நினைத்துப் பார்த்தேன். ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

நேற்றுக் குழு மீண்டும் கூடியது. சென்ற முறை நான் சொன்ன அளவுகள் பொய் என்று சொல்லிவிட்டு உன் மூன்று வரிகளைப் படித்தேன், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பொறியாளர், தெரியலன்னா கட்டம் காலியால்ல இருக்கு, எப்படிங்க கையெழுத்துப் போடறது என்றார். குழுத்தலைவர் ஓய்வுபெற்ற செவிலி, ஊசி போட்ட கையாயிற்றே, காலிக் கட்டத்துல கண்டதையும் எழுதாதீங்க, எழுதின பொண்ணையே வரச் சொல்லுங்க, வந்து பாத்துச் சொல்லட்டும், அதுவரைக்கும் மரத்துல எவனும் கைவைக்கக் கூடாது என்றார். அடுத்த மாதம் இருபதாம் நாள் கூட்டம். நீ வரவில்லையானால் பொறியாளரின் ஒரு சாண்தான் நிலைக்கும், மறுநாளே மரம் தரையில் கிடக்கும்.

எனக்காக வா என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை, அது மூன்றாம் வரிசையிலேயே போய்விட்டது. மரத்துக்காக வா. துணிப்பையையும் தராசையும் மறவாதே, இங்குள்ள தராசுகளை நம்புவதற்கில்லை. கையுறை போட்டுக்கொள், வேளைக்கு உண், பேருந்தில் சன்னலோரம் தூங்கித் தலையை இடித்துக்கொள்ளாதே. நீ சிறுமியாயிருந்தபோது பார்த்த அணில்தானா இப்போது கூட்டில் இருப்பது என்று அம்மா கேட்டாள். தெரியவில்லை என்றேன். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

நீ நீடு வாழ்க, உன் கை நலமுறுக. இருபதாம் நாளை மறவாதே, நீ வருவாயா என்பதை அம்மாவிடமே சொன்னாலும் போதும். எழுத்து கோணலாயிருப்பதை முதுமை என்று எண்ணிவிடாதே. உன் ஏட்டை மீண்டும் காலடியில் வைக்கவில்லை, அதற்கு மாற்றாக அச்சிட்ட என் சொற்பொழிவுத் தொகுப்பைச் செருகிப் பார்த்தோம், பருமன் போதவில்லை, மேசை ஆடிக்கொண்டேதான் இருக்கிறது.

உன்னை எதிர்பார்த்திருக்கும்
அப்பா