சட்டியை எட்டிப் பார்க்காத காசு

மதினி,

நேற்று கோயில் மண்டபத்தைத் தாண்டி வரும்போது கோதுமை மாவு வாசனை அடித்தது. வீடு வீடாக வாங்கிய மாவை இளவட்டங்கள் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். போன மாதம் புருஷனைப் பறிகொடுத்த, மேல் லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைக்காம். நல்ல காரியம்தான், யார் இல்லையென்றது? ஆனால் ஒருத்தன் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, இன்னார் வீட்டு மாவு ஒரு கொத்து, இன்னார் வீட்டு மாவு அரைக் கொத்து என்று மலை முழுக்கக் கேட்கக் கத்தினான். நீ இருந்திருந்தால் அந்தக் குழாயைப் பிடுங்கி, நாம் தண்ணீர் பிடிக்கும் பீலியில் போட்டிருப்பாய்.

நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. பேச ஆள் இல்லாமல்தான் இதை எழுதுகிறேன். ஒரே லயத்தில் ஒட்டியிருந்த நம் இரண்டு வீட்டுக் காம்பராவுக்கும் நடுவில் இருந்தது கூரைவரை எட்டாத ஒரு சுவர். நான் இருமினால் உனக்குக் கேட்கும். நீ அண்ணனை ஏசினால் இந்தப் பக்கம் நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன். நீ என்னைவிட மூத்தவள், ஆனாலும் மதினி முறையாகிவிட்டதால் வா, போ என்றே பேசிப் பழகிவிட்டோம்.

அரிசிக்கும் மாவுக்கும் தேயிலைத் தோட்டமே திண்டாடிய அந்தக் காலத்தை நான் இன்னும் மறக்கவில்லை. கிழமைக்கு மூன்று நாள்தான் வேலை கொடுத்தார்கள். அந்த நேரம் பார்த்து எங்கள் வீட்டுக்காரர் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது கத்தி காலில் இறங்கிவிட்டது. பட்ட காலிலே படும் என்பார்கள், எங்களுக்கு அது நிஜமாகவே காலில் பட்டது. புண் சீழ் வைத்து, பதுளை ஆஸ்பத்திரியில் படுத்தவர் மாசக்கணக்கில் எழும்பவில்லை.

லயத்துச் சனம் கைவிடவில்லை. அவர்களுக்கே இல்லாத நேரத்தில் ஆளுக்கொரு பிடி மாவு கொண்டுவந்து கொடுத்தார்கள். அதை நான் மறந்தால் எனக்குச் சோறு கிடைக்காது. ஆனால் மாவு கொண்டுவந்தவள் அடுப்படிவரை வருவாள். சட்டியை எட்டிப் பார்ப்பாள். "என்னடி, ரொட்டிய இம்புட்டு மொத்தமாத் தட்டுற?" என்பாள் ஒருத்தி. "அடேங்கப்பா, தேங்காயெல்லாம் போட்டிருக்கே!" என்பாள் இன்னொருத்தி. அந்தத் தேங்காய் நீ கொடுத்த அரை மூடி என்று நான் சாட்சி சொல்ல வேண்டும். வாசலில் நிழல் ஆடினாலே என் பிள்ளைகள் ஓடிப்போய்ச் சட்டியை மூடப் பழகிவிட்டார்கள்.

மாவு வயிற்றை நிரப்பும். பதுளைக்கு பஸ்ஸில் ஏற்றிவிடுமா? துணி துவைக்கச் சவர்க்காரம் வாங்கித் தருமா? ஆஸ்பத்திரியில் கிடந்த மனுஷனை நான் மூன்று கிழமையாகப் போய்ப் பார்க்கவில்லை. அப்போதுதான் பிள்ளைகளை வீட்டு வேலைக்கு அனுப்பிவைக்கும் தரகர் ஒருவர் வந்தார். கொழும்பில் நல்ல வீடு, மூன்று வேளைச் சோறு, மாசாமாசம் பணம் வரும், மூத்தவளை அனுப்பு என்றார். என் செல்விக்கு அப்போது ஒன்பது வயது. சம்பளம் போட்ட பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப்போகச் சொல்லிவிட்டேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் உனக்கு எல்லாம் கேட்டிருக்கும். நீ வந்து ஏசுவாய் என்று பயந்துகொண்டிருந்தேன். நீ ஏசவில்லை. "சாயங்காலம் எங்க வீட்டுக்கு வா. எம் மக சாப்புடுறதப் பாரு" என்றாய், அவ்வளவுதான்.

உன் மகளும் அப்படிக் கொழும்புக்குப் போய், மூன்று வருஷம் ஒரு வீட்டில் வேலை செய்துவிட்டு வந்தவள்தானே. அன்றைக்குச் சாயங்காலம் நான் பார்த்தேன். நீங்கள் எல்லோரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தீர்கள். அவள் எல்லோருக்கும் போட்டுவிட்டு, தன் தட்டை எடுத்துக்கொண்டு வாசற்படிக்குப் போனாள். அங்கேயும் சாப்பிடவில்லை. நீங்கள் முடிக்கும்வரை தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"நான் ஒண்ணும் சொல்லல புள்ள. அவளா அப்புடி நிக்கிறா. பெத்த வீட்டுல வேலைக்காரியாட்டம் நிக்கிறா" என்றாய். "இன்னும் கொஞ்சம் வேணுமான்னு கேட்டா, போதும்பா. வேணும்னு அவ வாயால கேட்டு நான் இன்னும் கேக்கல." நீ அழவில்லை. நான்தான் அழுதேன். ஆனால் அழுதுகொண்டே கேட்டேன்: "நான் வேற என்ன மதினி பண்றது?"

பதில் சம்பள நாளில்தான் கிடைத்தது. ஆபீஸிலிருந்து லயத்துக்கு இறங்கும் வழியில், எல்லோரும் தாண்டியே ஆகவேண்டிய இடத்தில், அண்ணனின் துண்டை விரித்துவிட்டு நீ உட்கார்ந்துகொண்டாய். "மாவு வேணாம். முடிஞ்சதப் போட்டுட்டுப் போங்க. கைய மூடிக்கிட்டுப் போடுங்க, எவ எம்புட்டுப் போட்டான்னு எனக்குத் தெரியக்கூடாது" என்றாய். நான் வெட்கத்தில் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மரத்துக்குப் பின்னால் நின்றேன்.

கங்காணிக்கு அது பிடிக்கவில்லை. "காசக் கையில குடுத்தா என்ன பண்ணுவாளோ யாருக்குத் தெரியும்? மாவா குடுத்தாத்தான் புள்ளைங்க வயித்துக்குப் போகும்" என்றார். நாலு பேர் தலையாட்டினார்கள். நீ உட்கார்ந்த இடத்தைவிட்டு எழும்பாமலேயே கேட்டாய்:

"ஏங்க கங்காணி, ஒங்க சம்பளத்தத் தொரை மாவாக் குடுத்தா வாங்கிக்கிருவீங்களா?"

வரிசையே கொல்லென்று சிரித்தது. கங்காணிக்கும் மீசைக்குக் கீழே சிரிப்பு வந்துவிட்டது. திட்டிக்கொண்டேதான் போட்டார், ஆனால் போட்டார்.

அந்தத் துண்டில் விழுந்ததை நீ எண்ணிப் பார்க்கவில்லை. முடிச்சாகவே கொண்டுவந்து என் மடியில் வைத்தாய். "இவ்வளவு எதுக்கு மதினி?" என்றேன். "மாவு குடுத்தவ சட்டிய எட்டிப் பாப்பா. காசு குடுத்தவ மறந்துட்டுப் போயிருவா. எதுக்குன்னு என்னயக் கேக்காத. ஒனக்குத் தெரியாதா ஒன் வீட்டுக்கு என்ன வேணும்னு?" என்று சொல்லிவிட்டு நீ பாட்டுக்குப் போய் அடுப்பு மூட்டினாய். அத்தனை நாளில் முதல்முறையாக என்னை ஒரு பெரிய மனுஷியாக ஒருத்தி நடத்தினாள் என்று எனக்குப் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை தரகர் வந்தார். பிள்ளையை அனுப்பவில்லை என்றேன். அவர் முகத்தைச் சுளித்தார். நான் கதவைச் சாத்தினேன்.

அடுத்த நாளே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பதுளைக்குப் போனேன். மகளைப் பார்த்ததும் அவர் எழும்பி உட்கார்ந்துவிட்டார். திரும்பி வரும்போது பஜாரில் ஒரு தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் சின்னவன் அப்படியே நின்றுவிட்டான். சரி போ என்று இரண்டு பேருக்கும் பன் வாங்கிக் கொடுத்தேன். அதை நம் தோட்டத்துக்காரி ஒருத்தி பார்த்துத் தொலைத்தாள். நாங்கள் லயத்துக்கு வருமுன்னே கதை வந்துவிட்டது: தருமக் காசில் கடையில் உட்கார்ந்து பன் தின்கிறார்களாம்! உன் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று உள்ளேயே பதுங்கினேன்.

நீ சுவருக்கு மேலால் கூப்பிட்டாய். "செல்வீ! பன்னு நல்லா இருந்துச்சாடி?"

"சீனி போட்டிருந்துச்சு அத்தே!" என்றாள் அவள்.

"அப்பச் சரி."

நீ கேட்ட கணக்கு அது ஒன்றுதான். எங்கள் வீட்டுக்காரர் காலைத் தாங்கித் தாங்கி நடந்து வந்து காவல் வேலையில் சேரும்வரை ஒவ்வொரு சம்பள நாளும் அந்தத் துண்டு விரிந்தது. செல்வி பள்ளிக்கூடம் போனாள். இன்றைக்கு அவள் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். இப்போதும் சோற்றுக்கு முதல் ஆளாக உட்கார்ந்து, குழம்பில் உப்பு இல்லை என்று என்னோடு சண்டை பிடிக்கிறாள். அந்தச் சண்டை நீ கொடுத்தது.

நேற்று அந்த மேல் லயத்துப் பிள்ளை வீட்டுக்கும் போனேன். என்னைக் கண்டதும் அவள் பதறி மூடியைத் தேடினாள். நான் அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன். யார் வீட்டுக்குப் போனாலும் நான் அப்படித்தான் உட்காருகிறேன் மதினி, எவ்வளவோ வருஷமாக. முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை அவள் கையில் வைத்து மூடினேன். எதுக்கு அத்தே என்றாள். ஒனக்குத் தெரியாதா என்றேன். சம்பள நாளில் துண்டு விரிக்க வேண்டும், இப்போது அந்தக் கங்காணியின் மகன்தான் கங்காணி, அவன் என்ன சொல்கிறான் பார்ப்போம்.

இன்னொன்று சொல்லவேண்டும். உன் கருமாதிச் சாப்பாட்டில் உன் மகள் வழக்கம்போல எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, தட்டோடு வாசற்படியில் நின்றாள். கல்யாணமாகியும் அந்தப் பழக்கம் அவளை விடவில்லை. எங்கள் செல்வி பார்த்தாள். எச்சில் கையோடு எழும்பிப் போய், அவளை இழுத்துவந்து நடுப்பந்தியில் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். உன் மகள் கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தாள். பிறகு சாப்பிட ஆரம்பித்தாள். நான் சோற்றுச் சட்டியோடு வந்தபோது நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் போடுங்கத்தே" என்றாள்.

கேட்டாள் மதினி. வாய்விட்டுக் கேட்டாள்.